வாசகர் கேள்விகள்: குட்டைவால் ஆல்பட்ராஸ் எந்த இனம், எந்தக் கடல்?

கடந்த இதழில் பசிபிக் பெருங்கடலின் பறவைகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதில் குட்டைவால் ஆல்பட்ராஸின் படத்துக்குக் கீழே 'ஃபீபாஸ்ட்ரியா ஆல்பட்ரஸ், வட பசிபிக்' என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, கடற்கரையே இல்லாத சேலம் மாவட்டத்திலிருந்துதான் மிகுதியான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறோம்.

எங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள பழைய கலைக்களஞ்சியம் இப்பறவையை 'டயோமீடியா ஆல்பட்ரஸ்' என்கிறது. தாங்கள் 'ஃபீபாஸ்ட்ரியா ஆல்பட்ரஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?
*உயிரியல் ஆசிரியை, ஏற்காடு*

இரண்டும் ஒரே பறவையின் பெயர்களே. இன்று ஏற்கப்பட்டிருப்பது 'ஃபீபாஸ்ட்ரியா ஆல்பட்ரஸ்' என்பதால் மாணவர்கள் அதையே எழுதட்டும். ஆனால் பழைய பெயரைப் பிழையென்று அடித்துவிடாமல், அது ஏன் மாறியது என்பதையும் சொல்லிக் கொடுத்தால் வகைப்பாட்டியல் என்ற பாடமே அவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

பெரிங் தலைமையில் சென்ற ரஷ்யக் கடற்பயணத்தில் இயற்கையியலாளராக இருந்த கியார்க் ஸ்டெல்லர், கம்சாட்காவை ஒட்டிய கடலில் இப்பறவையின் மாதிரிகளைச் சேகரித்தார். அவர் 1746-இல் இறந்துவிட, அம்மாதிரிகளைக் கொண்டு 1769-இல் இந்த இனத்தை முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் பீட்டர் சைமன் பல்லாஸ். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, 1758-இல், லின்னேயஸ் 'டயோமீடியா' என்ற பேரினத்தை உருவாக்கியிருந்தார். ஆல்பட்ராஸ் என்று தோன்றிய எதையும் அதில் சேர்ப்பதே அன்றைய வழக்கம். பல்லாஸும் அப்படியே செய்தார். 1853-இல் ரைகன்பாக் இப்பறவைக்கென்று 'ஃபீபாஸ்ட்ரியா' என்ற தனிப் பேரினத்தை முன்மொழிந்தபோதிலும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பாலான நூல்கள் அதைப் பொருட்படுத்தாமல் டயோமீடியாவிலேயே வைத்திருந்தன. தங்கள் கலைக்களஞ்சியம் அந்த மரபில் வந்தது.

நிலைமையை மாற்றியது 1996-இல் கேரி நன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மரபணு ஆய்வு. ஆல்பட்ராஸ்களின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம்-பி என்ற மரபணுவை முழுமையாக ஒப்பிட்டுப் பார்த்ததில், குடும்பம் நான்கு கிளைகளாகப் பிரிந்தது. தென் கடல்களின் பேருருவ ஆல்பட்ராஸ்கள் டயோமீடியாவாக நின்றன; அவற்றைவிடச் சிறிய தென் கடல் இனங்கள் தலசார்க்கி ஆயின; கரும்புகை நிறம் கொண்ட இரண்டு இனங்கள் ஃபீபெட்ரியாவிலேயே தொடர்ந்தன; வட பசிபிக் பறவைகள் ஃபீபாஸ்ட்ரியாவுக்குத் திரும்பின. இதில் என்னை மிகவும் கவர்வது லேசான் ஆல்பட்ராஸின் கதை. வெண்ணிற உடலும் கருமையான முதுகும் இறக்கையும் கொண்ட அது, பார்வைக்குத் தென் கடலின் தலசார்க்கி இனங்களைப் போலவே இருக்கும். மரபணுவோ அதைக் குட்டைவாலுக்கும், உடல் முழுவதும் கருத்த கருங்கால் ஆல்பட்ராஸுக்கும் உடன்பிறப்பாகக் காட்டியது. அவற்றோடு கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் எஸ்பஞோலா தீவில் கூடு கட்டும் அலைவரி ஆல்பட்ராஸையும் சேர்த்தால் இப்பேரினத்தின் நான்கு இனங்களும் முடிந்தன. நான்குமே பசிபிக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டியோ அதற்கு வடக்கிலோ கூடு கட்டுபவை. சிறகின் நிறம் சொல்லாத உறவை, கூடு கட்டும் இடம் முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கு மேலுள்ள படிநிலைகளில் குழப்பமில்லை. குடும்பம் டயோமீடிடே; வரிசை புரோசெல்லாரிஃபார்மிஸ், அதாவது குழல் மூக்குப் பறவைகள். இன்னொரு நுணுக்கத்தையும் மாணவர்களுக்குக் காட்டலாம்: இன்றைய பட்டியல்களில் இப்பெயரை அடுத்துப் பல்லாஸின் பெயரும் 1769 என்ற ஆண்டும் அடைப்புக்குறிக்குள் அச்சிடப்பட்டிருக்கும். பெயரிட்டவர் முதலில் வைத்த பேரினத்திலிருந்து அந்த இனம் பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்பதற்கு அந்த அடைப்புக்குறியே அடையாளம்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஆலாக்களும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் வருகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும் ஆல்பட்ராஸ் மட்டும் ஏன் தமிழகத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை?
*ஓய்வுபெற்ற பொறியாளர், மேட்டூர் அணை*

மேட்டூருக்கு வராது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆல்பட்ராஸ் உண்பது கடலில் கிடைக்கும் கணவாய், மீன், மீன் முட்டை, இறால் வகைகள்; கூடு கட்டும் காலம் தவிர அது தரையில் இறங்குவதே இல்லை. தாங்கள் குறிப்பிட்ட பறவைகளில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் வேறு வரிசையைச் சேர்ந்தவை. ஆலா கரைப்பறவைகளின் உறவு. அவற்றுக்கு நன்னீர் ஏரியும் ஒன்றுதான், உப்பங்கழியும் ஒன்றுதான்.

தமிழகக் கடலைப் பற்றிய கேள்வி சற்று விரிவான விடையைக் கோருகிறது. நெடுந்தொலைவு பறப்பது என்பதும் எங்கும் பறப்பது என்பதும் ஒன்றல்ல. குட்டைவால் ஆல்பட்ராஸ் ஜப்பானுக்குத் தெற்கே உள்ள தீவுகளில் அக்டோபர் இறுதியில் முட்டையிட்டு, மே மாதவாக்கில் அங்கிருந்து கிளம்பி, அலூஷன் தீவுகள், பெரிங் கடல், அலாஸ்கா வளைகுடா என்று வடக்கே செல்கிறது. இளம் பறவைகள் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிக் கலிபோர்னியா வரையிலும் இறங்குகின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, அந்தப் பரப்பிலும் அவை சமமாகப் பரவியிருக்கவில்லை என்று தெரிந்தது. ஆழம் குறைந்த கண்டத்திட்டு முடிந்து கடல் சட்டென்று ஆழமாகும் விளிம்பை ஒட்டியே அவை மிகுதியாகத் திரிகின்றன. அங்கேதான் சத்துமிக்க குளிர்ந்த நீர் மேலெழுந்து, கணவாயும் மீனும் கூடுகின்றன. வரைபடத்தில் வட பசிபிக் முழுவதும் வண்ணம் தீட்டினாலும், பறவையின் உண்மையான வாழிடம் அந்த விளிம்பை ஒட்டிய ஒரு பட்டைதான்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய காற்று அடங்கிய பகுதி ஆல்பட்ராஸ்களுக்குத் தடை என்று பொதுவாகச் சொல்வார்கள். இறக்கையை அசைக்காமல், நீர்ப்பரப்பை ஒட்டிய மெதுவான காற்றுக்கும் மேலேயுள்ள விரைவான காற்றுக்கும் இடையே ஏறியிறங்கிப் பறக்கும் அவற்றுக்குக் காற்றில்லாத கடல் பெரும் சுமை என்பது உண்மை. ஆனால் வங்கக் கடலுக்கு இந்த விளக்கம் பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கே காற்றுக்கு என்ன குறை? மீதிக் காரணம் இரை. பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேற்பரப்பில் ஒரு மூடிபோல் படர்ந்து, அடிநீர் மேலே வருவதைத் தடுப்பதால், பெரிங் கடலின் செழிப்பு இதற்கு இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். 2020-இல் ராமேசுவரம் தீவில் ஓர் ஆல்பட்ராஸ் பதிவாகி, ஆய்விதழில் 2022-இல் வெளியானது. ஆனால் அது நம் குட்டைவால் அல்ல; தென்முனைக் கடலின் வெளிர்முதுகு ஆல்பட்ராஸ், மேலே சொன்ன ஃபீபெட்ரியா பேரினத்தைச் சேர்ந்தது. ஆசியாவிலேயே அந்த இனத்தின் முதல் பதிவு அது. வழிதவறிய ஒரு பறவையை வைத்து இனத்தின் பரவலை வரையக்கூடாது என்பதால் எந்த நூலும் ராமேசுவரத்தை அதன் வாழிடத்தில் சேர்க்காது.

இந்தப் பறவை அடியோடு அழிந்துவிட்டது என்று ஒரு பழைய நூலில் படித்தேன். தாங்களோ உயிருடன் இருப்பதாக எழுதுகிறீர்கள். எது உண்மை?
*வணிகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்*

உயிருடன்தான் இருக்கிறது. தங்கள் நூலைக் குறை சொல்லவும் இயலாது. இந்த இனம் அழிந்துவிட்டதாக 1949-இல் அறிவிக்கவே பட்டது.

டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 580 கிலோமீட்டர் தொலைவில் தோரிஷிமா என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. ஐந்து சதுர கிலோமீட்டரைக்கூடத் தொடாத அந்தத் தீவில் ஒரு காலத்தில் இப்பறவைகள் தரையே தெரியாத அளவுக்குக் கூடு கட்டியிருந்தன. 1887-இல் தமாவோகி ஹான்எமோன் என்ற வணிகர் ஆட்களுடன் அங்கே குடியேறி இறகு வணிகத்தைத் தொடங்கினார். மெத்தைக்கும் தலையணைக்கும் இறகு வேண்டும், ஏற்றுமதிக்கும் வேண்டும். மனிதரைக் கண்டு அஞ்சாத, ஓடி வேகம் எடுக்காமல் தரையிலிருந்து எழ முடியாத பறவையைக் கொல்லத் துப்பாக்கிகூடத் தேவைப்படவில்லை. தடி போதுமானதாக இருந்தது. சுமார் 50 இலட்சம் பறவைகள் கொல்லப்பட்டன என்பது மதிப்பீடு. சந்தையில் தேவை குறையாதவரை சரக்கை எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இணை ஒன்று ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அது கெட்டால் அந்த ஆண்டு அவ்வளவுதான். குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கொன்ற வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுத்திருக்க முடியாது.

1902 ஆகஸ்ட் மாதத்தில் எரிமலை வெடித்து அத்தீவில் இருந்த 125 பேரும் மாண்டனர். பறவைகள் அப்போது வடகடலில் இருந்தன. இறகு வேட்டை அதன் பிறகும் நிற்கவில்லை. 1939-இல் மீண்டும் ஒரு வெடிப்பு, எஞ்சியிருந்த கூட்டிடங்களின் ஒரு பகுதியையும் மூடியது. போருக்குப் பின், 1949-இல், ஆலிவர் ஆஸ்டின் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் தீவைச் சுற்றிக் கப்பலில் வந்து பார்த்தபோது ஒரு பறவைகூடக் கண்ணில் படாததால், இனம் அழிந்ததென்று எழுதினார். 1951 ஜனவரியில் அத்தீவின் வானிலை நிலையத்தில் பணியாற்றிய யமமோட்டோ என்பவர், செங்குத்தான சரிவொன்றில் சுமார் பத்துப் பறவைகளைக் கண்டார்.

அவை எங்கிருந்து வந்தன? இந்த இனத்தின் வாழ்க்கை முறையிலேயே அதற்கு விடை இருக்கிறது. தீவைவிட்டுக் கிளம்பும் இளம்பறவை, கூடு கட்டும் வயது வரும்வரை சில ஆண்டுகள் கடலிலேயே கழிக்கிறது. தீவில் இருந்தவை அனைத்தும் கொல்லப்பட்டபோதும் கடலில் இருந்தவை தப்பின. கூட்டிடம் வெறுமையாக இருப்பதும் இனம் அழிவதும் கடற்பறவைகளில் ஒன்றல்ல என்பதை ஆஸ்டினின் அறிவிப்பை மேற்கோள் காட்டுவோர் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்துப் பறவைகளும் தேர்ந்தெடுத்திருந்த சரிவு, எரிமலைச் சாம்பல் வழுக்கி முட்டைகள் உருண்டுவிடும் இடம். 1970-களின் நடுவில் ஆய்வைத் தொடங்கிய ஹசெகாவா ஹிரோஷி, அங்கே புல்லை நட்டு மண்ணைப் பிடிக்கச் செய்யும் பணிக்கு வழிகோலினார். பிறகு தீவின் மறுபக்கத்தில், சரிவு குறைந்த நிலத்தில், ஆல்பட்ராஸ் போன்ற பொம்மைகளை நிறுத்தி, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டார்கள். பறவைகள் ஏமாந்தன, 1990-களின் நடுவில் அங்கே முதல் குஞ்சு வளர்ந்தது. எரிமலையின்மீதே இனத்தின் பெரும்பகுதியையும் வைத்திருப்பது ஆபத்து என்பதால், 2008 முதல் 2012 வரை 70 குஞ்சுகளை சுமார் 350 கிலோமீட்டர் தள்ளியுள்ள முக்கோஜிமா என்ற தீவுக்குக் கொண்டுசென்று யமஷினா பறவையியல் நிறுவனத்தார் கையால் ஊட்டி வளர்த்தனர். அவற்றில் 69 பறந்து சென்றன. வளர்ந்த இடத்துக்கே திரும்பும் இயல்புதான் இம்முயற்சியின் அடிப்படை. அவ்வாறே சில திரும்பி வந்து கூடும் கட்டின. ஹவாய்த் தீவுத்தொடரின் மிட்வேயில் 2011 ஜனவரியில் ஒரு குஞ்சு பொரித்தது. அந்த ஆண்டு மார்ச் மாத ஆழிப்பேரலையையும் அது பிழைத்துக் கடந்தது.

இன்று இந்த இனத்தின் எண்ணிக்கை சில ஆயிரங்கள். பன்னாட்டுச் செம்பட்டியல் இதை இன்னும் ஆபத்துள்ள பிரிவுகளில் ஒன்றிலேயே வைத்திருக்கிறது. எரிமலையைத் தவிர, நீளத்தூண்டில் கப்பல்களும் அச்சுறுத்தலே: கப்பலின் பின்னால் விடப்படும் இரை கோத்த முட்கள் மூழ்குவதற்குள் பறவை விழுங்கினால், கயிற்றோடு அதுவும் மூழ்கிவிடும். அலாஸ்கா மீனவர்கள் கப்பலின் பின்புறம் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிறுகளைக் கட்டிப் பறவைகளை விலக்குகிறார்கள். செலவு குறைந்த, பலன் மிகுந்த ஏற்பாடு.

குட்டைவால் ஆல்பட்ராஸ் ஓர் இனம் அல்ல, இரண்டு இனங்கள் என்று ஒரு செய்தி படித்தேன். உருவத்தில் ஒன்றாக இருப்பதை எப்படி இரண்டு என்கிறார்கள்?
*விலங்கியல் மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்*

வளர்ந்த பறவையைக் கிட்டத்தில் பாருங்கள்: வெண்ணிற உடல், தலையிலும் பிடரியிலும் பொன்மஞ்சள், நுனியில் மட்டும் நீலம் தோய்ந்த பெரிய இளஞ்சிவப்பு அலகு. அந்த அலகு ஒரே துண்டல்ல; பல கொம்புத் தகடுகள் பொருந்தி அமைந்தது, அதன் இரு பக்கமும் மூக்குத்துளை ஒரு சிறு குழலாக நீட்டிக்கொண்டிருக்கும். இளம்பறவை முழுக்கக் கரும்பழுப்பு. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளுக்கும். வயதால் இவ்வளவு மாறும் பறவையில் நுண்ணிய வேறுபாடு இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை.

தோரிஷிமாவைத் தவிர, கிழக்குச் சீனக் கடலில் உள்ள சென்காகு தீவுகளிலும் இப்பறவை கூடு கட்டுகிறது. அங்கே 1971-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. தோரிஷிமாவில் பிறக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய அனைத்துக்கும் காலில் வளையம் இடப்பட்டுவந்ததால், வளையமில்லாமல் அங்கே வந்திறங்கும் பறவை சென்காகுவிலிருந்து வந்ததாக இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. எடா மசாகியும் உடன் ஆய்வாளர்களும் இவ்விரு வகைப் பறவைகளையும் அளந்தார்கள். தோரிஷிமாப் பறவை பொதுவாக உடல் பெரியது. சென்காகுப் பறவை சிறியது, ஆனால் உடலுக்கு ஒப்பாக அதன் அலகு நீளமானது. மரபணுவும் பிரிந்தே நின்றது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இணைசேரும் முறை: ஒரே தீவில், அருகருகே இருந்தும், தோரிஷிமாப் பறவை தோரிஷிமாப் பறவையையும் சென்காகுப் பறவை சென்காகுப் பறவையையுமே பெரிதும் நாடியது. இவற்றைத் தொகுத்து 2020-இல் வெளியான கட்டுரை, இரண்டையும் கண்ணுக்குப் புலப்படாத தனி இனங்களாகக் கொள்ளலாம் என்றது.

வடக்கு ஜப்பானின் ரெபுன் தீவில் தொல்லியல் அகழ்வில் கிடைத்த, சுமார் 1,000 ஆண்டுகள் பழமையான ஆல்பட்ராஸ் எலும்புகளிலும் இதே இரண்டு மரபுகள் தெரிந்தன. எனவே இறகு வேட்டை மிச்சம் வைத்த சில பறவைகளில் தற்செயலாக ஏற்பட்ட வேறுபாடு இது என்ற எதிர்வாதம் நிற்காது.

தாங்கள் சேர்வராயன் மலைக்கு அடிவாரத்தில் இருப்பதால் ஓர் ஒப்பீடு. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை, அம்மலை உட்படத் தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும் சிதறி வாழ்கிறது. அங்கே குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே சமவெளி கிடக்கிறது. பிரிவு ஏன் என்று யாருக்கும் விளங்கும். ஆல்பட்ராஸுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. இரு வகையும் ஒரே வடகடலில் மேய்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்திருப்பது, பிறந்த தீவுக்குத் திரும்பும் இயல்பும் தன் வகையோடே இணைசேரும் பிடிவாதமும்தான். பன்னாட்டுப் பட்டியல்கள் பலவும் இன்னமும் ஓரினமாகவே எழுதுகின்றன. தேர்வில் அதையே எழுதுங்கள். ஆனால் பாதுகாப்பைப் பொறுத்தவரை இது வெறும் பெயர்ப் பிரச்சினையல்ல. சென்காகு தீவுகள் ஜப்பானின் நிர்வாகத்தில் இருந்தாலும் சீனாவும் தைவானும் உரிமை கோருவதால், ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அங்கே இறங்கிக் கணக்கெடுக்க இயலவில்லை. அங்குள்ளது தனி இனமென்றால், உலகின் மிகக் குறைவாக அறியப்பட்ட ஆல்பட்ராஸ்களில் அதுவும் ஒன்று.

மாதக்கணக்கில் கடலிலேயே இருக்கும் பறவை குடிநீருக்கு என்ன செய்யும்?
*வாசகர், சூரமங்கலம்*

கடல்நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலே உள்ள உப்புச் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து மிகுதியான உப்பைப் பிரித்துச் செறிந்த நீராக மூக்குத்துளை வழியே வெளியேற்றுகின்றன. அலகின் நுனியில் அது சொட்டுவதைக் காணலாம்.

இப்பறவை எப்போதாவது பசிபிக்குக்கு வெளியே வாழ்ந்திருக்கிறதா?
*வாசகர், ஓமலூர்*

வாழ்ந்திருக்கிறது, அதுவும் அட்லாண்டிக்கில். பெர்முடா தீவில் ஒரு கூட்டிடமே இருந்ததற்கான புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. வளர்ந்த பறவைகளின் எலும்புகளோடு இளம்பறவைகளின் எலும்புகளும் முட்டை ஓடுகளும் இருந்ததால், அவை வழிதவறி வந்தவை அல்ல, அங்கேயே பெருகியவை என்று உறுதியானது. ஸ்டோர்ஸ் ஆல்சனும் பால் ஹியர்ட்டியும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் நான்கு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பாறைகள் பெருமளவு உருகிக் கடல்மட்டம் மிக உயர்ந்தபோது அந்தத் தாழ்வான கூட்டிடம் நீரில் மூழ்கியது. இன்று வட அட்லாண்டிக்கில் எந்த ஆல்பட்ராஸும் கூடு கட்டுவதில்லை. அங்கே எப்போதாவது காணப்படுபவை தென் கடலிலிருந்து வழிதவறிய தனிப் பறவைகள்.